சிவப்பு ஃபில்டர் போட்டால் வானம் கறுக்குமா?

மே மாதம் ஜெய்சல்மேர் போய், லென்ஸில் 25ஆம் நம்பர் சிவப்பு ஃபில்டரை மாட்டிவிட்டு, வானம் சாம்பலாகவே வருகிறதே என்று ஃபில்டரைத் திட்டுபவர்கள் உண்டு. ஃபில்டர்மேல் குற்றமில்லை. கறுக்கவைக்க அந்த வானத்தில் நீலமே கிடையாது. கறுப்பு-வெள்ளைப் பாலைவனப் படங்களில் நாம் வியந்து பார்க்கும் கருவானத்தை முதலில் தருவது காற்று. அடுத்து, நாம் எந்தத் திசை பார்த்து நிற்கிறோம் என்பது. ஃபில்டர் மூன்றாவதாகத்தான் வருகிறது. கடையில் வாங்க முடிவது மூன்றாவது மட்டும் என்பதால் பேச்செல்லாம் அதைப் பற்றியே நடக்கிறது.

காற்றின் கணக்கு எளியது. காற்று மூலக்கூறுகள் சூரிய ஒளியைச் சிதறடிக்கும்போது, அலைநீளம் குறைந்த ஒளி அதிகமாகச் சிதறும். அலைநீளத்தின் நான்காம் படிக்குத் தலைகீழ் விகிதத்தில். 450 நானோமீட்டர் நீலம், 650 நானோமீட்டர் சிவப்பைவிட நாலு மடங்குக்குச் சற்று அதிகமாகவே சிதறும். ஆகவே தெளிந்த வானத்திலிருந்து வரும் ஒளியில் நீலம் நிறைய, சிவப்பு கொஞ்சம். சிவப்பு ஃபில்டர் நீலத்தைத் தடுத்துவிட்டால் மிச்சமிருப்பது சொற்பம், வானம் கறுக்கிறது. மேகம் வெள்ளை, அதாவது அதில் சிவப்பும் இருக்கிறது, அதனால் அது தப்பித்து வெளுப்பாகவே நிற்கிறது. புழுதி இந்தக் கணக்கைக் கெடுத்துவிடும். புழுதித் துகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பெரியது. எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிக்கும். வானமே மேகத்தைப் போல வெள்ளையாகிவிட்டால் ஃபில்டர் எதைத் தடுக்கும்?

இதைச் சோதிக்கக் கருவி வேண்டாம். கையை நீட்டிக் கட்டைவிரலால் சூரியனை மறையுங்கள். விரலைச் சுற்றி உடனே நீலம் தெரிந்தால் நல்ல நாள். விரலைச் சுற்றி ஒரு சாண் அளவுக்கு வெள்ளை வட்டம் படர்ந்திருந்தால், கேமராவைக் கீழே திருப்பி மணலை மட்டும் எடுக்கலாம்.

ஜெய்சல்மேரைச் சூழ்ந்த தார்ப் பாலைவனத்தில் ஏப்ரல் கடைசி முதல் ஜூன் வரை தென்மேற்குக் காற்று புழுதியைக் கிளப்பிக்கொண்டே இருக்கும். அங்கே 'ஆந்தி' என்று சொல்லும் புழுதிப்புயல் ஒருமுறை அடித்துவிட்டால், பெரிய மணல் உடனே இறங்கிவிடும். நுண்புழுதி நாள்கணக்கில் மேலே தங்கும். ஜூலையில் மழைமேகம் வரும். ஜெய்சல்மேரில் மழை மிகக் குறைவு, ஆனால் ஒரு மழை பெய்து ஓய்ந்த மறுநாள் மதியத்துக்குமேல் அடி தட்டையாக, தலை பொங்கிய மேகங்கள் வரிசைகட்டும். அந்த ஒரு நாளுக்காகவே அங்கே போகலாம். செப்டம்பர் நடுவில் பருவமழை விலகியபின் நவம்பர் வரை வானம் சுத்தமாக இருக்கும், மேகமும் இருக்காது. மேகமில்லாத கருவானம் எனக்கு உவப்பில்லை. பாதிப் படத்தை வெறும் கறுப்புக்குத் தாரைவார்ப்பதாகத்தான் முடிகிறது.

எல்லாவற்றிலும் நம்பத்தக்க காலம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் 'மேற்கத்திய இடையூறு' என்று வானிலைத் துறை சொல்லும் காற்றழுத்த அமைப்புகள் அப்போது ஒன்றன்பின் ஒன்றாக வரும். முதலில் மிக உயரத்தில் குதிரைவால் போன்ற கீற்று மேகங்கள், அதற்குப் பின்னால் செதில் செதிலாக நடுத்தர உயர மேகங்கள், சில நேரம் ஒரு தூறல். ராஜஸ்தானில் இந்தக் குளிர்கால மழைக்கு 'மாவட்' என்று பெயர். அது கடந்துபோன மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் வடமேற்கிலிருந்து குளிர்ந்த உலர்காற்று வீசும்; புழுதி கழுவப்பட்டு, கீற்று மேகம் இன்னும் மிச்சமிருக்கும். வானிலை முன்னறிவிப்பில் இந்தச் சொல் தென்பட்டதும் ரயில் டிக்கெட் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

அடுத்தது திசை. சூரியனிலிருந்து தொண்ணூறு பாகை தள்ளிய வானப் பகுதியில் ஒளி அதிகமாகத் துருவப்பட்டிருக்கும், அதாவது ஒளியலைகள் பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிரும். நீலமும் அங்கேதான் ஆழம். ஜெய்சல்மேர் 27 பாகை வடக்கில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் அங்கே சூரியன் நேர் மேற்கில் மறைவதில்லை. மேற்கிலிருந்து 26 பாகை தெற்கே தள்ளி மறைகிறது. ஆகவே அந்த மாலையில் ஆழ்ந்த நீலப் பட்டை நேர் வடக்கில் இல்லை; வடக்கிலிருந்து 26 பாகை மேற்கே சாய்ந்து தொடங்கி, உச்சிவானம் வழியாகப் போய், தென்கிழக்குப் பக்கம் இறங்குகிறது. கோடைப் பயணத்தின் நினைவில் அதே இடத்தில் முக்காலியை வைப்பவருக்கு வானம் ஏன் வெளிறுகிறது என்று புரியாது.

தாரின் மணல்மேடுகளும் இந்தத் திசைக்கு ஒத்துவருவதை நல்வாய்ப்பு என்றுதான் சொல்ல வேண்டும். மேடுகளை உருவாக்குவது கோடையின் தென்மேற்குக் காற்று. காற்று ஏறும் பக்கம் தென்மேற்கில் மெதுவான சரிவு. காற்று இறங்கும் வடகிழக்குப் பக்கம் மணல் தானாகச் சரிந்து நிற்கும் செங்குத்தான முகம், ஏறக்குறைய 33 பாகை. நடுவே கத்திமுனை போன்ற முகடு. குளிர்கால மாலையில் வடமேற்கு நோக்கி, முகட்டின் நீளவாக்கில் கேமராவை வைத்தால் இடப்பக்கச் சரிவு முழு வெயிலில், வலப்பக்க முகம் முழு நிழலில், மேலே அன்றைய வானத்தின் மிக ஆழ்ந்த நீலம். ஜெய்சல்மேர் அருகே சாம் கிராமத்து மேடுகளிலும் கூரி கிராமத்துப் பக்கத்திலும் இப்படி நிற்க இடமுண்டு. சாமில் மாலை நேரம் ஒட்டகச் சவாரியும் ஜீப்பும் சேர்ந்து மணலைப் பிய்த்துப் போட்டிருக்கும். கால்தடமில்லாத முகடு வேண்டுமென்றால் விடியலில் போங்கள், இரவுக் காற்று கொஞ்சம் துடைத்து வைத்திருக்கும். ஆனால் விடியலில் வெளிச்சம் தென்கிழக்கிலிருந்து வரும். ஆழ்நீலப் பட்டை அப்போது தென்மேற்கிலும் வடகிழக்கிலும் தரையைத் தொடும். முகடு அதற்குக் குறுக்காக அமையும், படமே வேறாகிவிடும்.

மாலைப் படத்தில்தான் பெரும்பாலோர் சறுக்கும் இடம் இருக்கிறது. மணல்மேட்டின் நிழல்முகத்துக்கு வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? வானத்திலிருந்து. அதாவது நிழலும் நீலம். வானத்தைக் கறுக்கவைக்கும் சிவப்பு ஃபில்டர் அதே அளவுக்கு நிழலையும் கறுக்கவைக்கும். மணலோ பழுப்பு மஞ்சள். சிவப்பை நன்றாகத் திருப்பியனுப்பும். அது இன்னும் வெளுக்கும். விளைவு: இடப்பக்கம் சுண்ணாம்பு, வலப்பக்கம் கரி, கரியின் மேல்விளிம்பு எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். முகடு பாதியில் காணாமல் போகும்.

இதற்கு மூன்று தீர்வுகள். ஒன்று, ஃபில்டரைக் குறைப்பது: 25ஆம் நம்பரைக் கழற்றி 21ஆம் நம்பர் ஆரஞ்சு. இரண்டாவது, கேமராவை உயர்த்துவது. அடிவானத்தை ஒட்டிய வானம் எப்போதுமே வெளிறியது, ஏனென்றால் அங்கே நாம் பார்க்கும் காற்றின் தடிமன் பல மடங்கு. தாழ்வாக உட்கார்ந்து எடுத்தால் முகடு மேலேறிக் கருவானத்தில் இடிக்கும். முக்காலியை ஆள் உயரத்துக்கு ஏற்றினால் முகட்டின் கோடு இறங்கி அந்த வெளிறிய பட்டைக்கு முன்னால் வந்து பளிச்சென்று பிரியும். அரை மீட்டர் வித்தியாசமே போதும். மூன்றாவது, நிழல்முகத்துக்குப் பின்னால் ஒரு மேகம் நகர்ந்து வரும்வரை காத்திருப்பது. மூன்றில் இதுதான் சிறந்தது, மற்ற இரண்டும் சமாளிப்பு.

நேரத்தையும் அளந்தே வைக்கலாம். அந்த நாள்களில் சூரியன் மறையும் முன் கடைசி ஒரு மணி நேரத்தில் 11, 12 பாகை இறங்கும். மணலலைகள் பத்து சென்டிமீட்டர் இடைவெளியில், ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். சூரியன் 12 பாகை உயரத்தில் இருக்கும்போது ஒவ்வோர் அலையின் நிழலும் ஐந்து சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பாதி வெளிச்சம், பாதி நிழல், கோடுகள் தெளிவு. ஆறு பாகைக்கு இறங்கியதும் நிழல் பத்து சென்டிமீட்டரை நெருங்கி அடுத்த அலையைத் தொட்டுவிடும். தரை முழுக்க மங்கும். ஆகவே மணலலைக்கு மறைவுக்கு ஒரு மணி நேரம் முன்பு, முகட்டுக் கோட்டுக்கு அரை மணி நேரம் முன்பு. 'கோல்டன் ஹவர்' என்று கடைசிப் பத்து நிமிடத்துக்காகக் காத்திருப்பது வண்ணப் படக்காரர்களின் பழக்கம். நமக்கு அந்த நிறத்தால் லாபமில்லை.

இனி ஃபில்டர். 8ஆம் நம்பர் மஞ்சள் ஒரு ஸ்டாப் வெளிச்சத்தை விழுங்கும், அதாவது வெளிச்சம் பாதியாகும். வானத்தைக் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் கொண்டுவரும், அவ்வளவே. ஆரஞ்சு இரண்டு ஸ்டாப்புக்குச் சற்று மேல். 25ஆம் நம்பர் சிவப்பு மூன்று ஸ்டாப், அதாவது எட்டு மடங்கு. 29ஆம் நம்பர் ஆழ்சிவப்பு நாலு ஸ்டாப்புக்குக் குறையாது. தாரின் குளிர்கால வானத்துக்கு அது தேவைக்கு மிஞ்சியது. ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் ஆரஞ்சை வாங்குங்கள். துருவப்பட்ட ஒளியைத் தடுக்கும் போலரைசர் தனியாக ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப். அதை 28 மி.மீ.க்கு அகலமான லென்ஸில் போட்டால் வானத்தின் நடுவில் மட்டும் கறுத்த திட்டு விழுந்து இரு ஓரமும் வெளுக்கும். கறுப்பு-வெள்ளையில் அது இன்னும் அசிங்கமாகத் தெரியும். சிவப்பையும் போலரைசரையும் சேர்த்து மாட்டுவதற்கு ஐந்து ஸ்டாப் விலை; நிலவில் எடுத்ததுபோல வானம் வரும். அது வேண்டுமா என்பது அவரவர் ரசனை.

எட்டு மடங்கு என்பது பகல் வெளிச்சத்துக்கான எண். மாலை வெயில் சிவந்திருப்பதால் அதே ஃபில்டர் ஐந்து மடங்குதான் விழுங்கும். வெயில்பட்ட மணலை, ஒரு சிறு பகுதியின் ஒளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரில், ஃபில்டர் இல்லாமல், அளந்துகொள்ளுங்கள். ஐஎஸ்ஓ 125 படச்சுருளுக்கு எஃப்/11இல் (எஃப் எண் கூடக் கூட லென்ஸ் துளை சுருங்கும்) 1/125 நொடி என்று மீட்டர் சொல்கிறது என்றால், அது மணலை நடுச்சாம்பலாக்கும் அளவு. மணல் வெளுப்பாக, ஆனால் துகள் தெரிய வேண்டும். ஒரு ஸ்டாப் கூட்டினால் எஃப்/8இல் 1/125. ஃபில்டருக்கு ஐந்து மடங்கு: எஃப்/8இல் 1/25. முன்புற மணலிலிருந்து அடிவானம்வரை கூர்மை வேண்டுமென்றால் எஃப்/16, அப்போது ஏறக்குறைய 1/6 நொடி. முக்காலி கட்டாயம். ஃபில்டரை மாட்டிக்கொண்டு கேமராவின் உள்மீட்டரை நம்பினால், அந்த மீட்டர் சிவப்பை எப்படிப் பார்க்கிறது என்பதைப் பொறுத்து ஒரு ஸ்டாப்வரை தவறும்.

இந்த மாதிரிக் கணக்கை மனத்தில் வைத்திருப்பதன் பயனுக்கு அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1941இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னான்டஸ் கிராமத்தில் எடுத்த நிலவுப் படத்தைவிட நல்ல சான்று இல்லை. சூரியன் மறைந்துகொண்டிருந்தது, மீட்டர் கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவருக்குத் தெரியும். ஃபிலிமின் வேகம் 64. ஃபிலிம் வேகத்தின் வர்க்கமூலத்தை எஃப் எண்ணாகவும், ஒளிர்வின் எண்ணை நொடியின் பின்னமாகவும் வைப்பது அவர் கணக்கு; 64இன் வர்க்கமூலம் 8. எஃப்/8இல் 1/250 நொடி கொடுத்தால் நிலவு நடுச்சாம்பலில் விழும். இரண்டு ஸ்டாப் கூட்டி 1/60. மாட்டியிருந்த 15ஆம் நம்பர் ஆழ்மஞ்சளுக்கு மூன்று மடங்கு: 1/20. எஃப்/32க்கு மாற்றினால் ஏறக்குறைய ஒரு நொடி. இரண்டாவது படம் எடுப்பதற்குள் முன்புறச் சிலுவைகளிலிருந்து வெயில் போய்விட்டது. கவனிக்க வேண்டியது, அவர் சிவப்பு ஃபில்டர் போடவில்லை. ஆரம்பகாலப் பிரதிகளில் வானம் நடுத்தரச் சாம்பல்தான், மேகக் கீற்றுகளும் தெரியும். நாம் பார்த்துப் பழகிய கருவானம் பிற்காலத்தில் இருட்டறையில் கூடுதல் வெளிச்சம் கொடுத்து உருவாக்கியது. முன்புறம் மிக மெல்லியதாக விழுந்திருந்ததால் 1948இல் நெகட்டிவின் கீழ்ப்பகுதியை ரசாயனத்தில் அடர்த்தியாக்கவும் வேண்டியிருந்தது.

அதற்கும் எழுபது எண்பது ஆண்டுகளுக்கு முந்தைய பாலைவனப் படங்களில் வானம் வெறும் வெள்ளைத் தாள்போல இருக்கும். டிமதி ஓ'சல்லிவன் 1867இல் நெவாடாவின் கார்சன் பாலையில் எடுத்த மணல்மேட்டுப் படம் ஓர் உதாரணம். அன்று பயன்பட்ட கொலோடியன் பூசிய கண்ணாடித் தகடு நீலத்தை மட்டுமே நன்றாக உணரும். நீலவானம் அதற்கு வெள்ளைவானம். இன்றும் சிவப்பை உணராத ஆர்த்தோ வகைப் படச்சுருள் வாங்கினால் இதே கதை. சிவப்பு ஃபில்டரோடு அதில் படமே விழாது. எல்லா நிறத்தையும் உணரும் எஃப்பி4 ப்ளஸ், எச்பி5 ப்ளஸ், டி-மேக்ஸ் 100 போன்றவைதான் வேண்டும்.

மேகத்தை இழுத்துக் காட்ட நிறத்தை மாற்றாமல் வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் பத்து ஸ்டாப் என்டி ஃபில்டர் போட்டால் 1/60 நொடி 17 நொடியாகும். படச்சுருள் நீண்ட நேர வெளிச்சத்துக்குச் சோம்பும் என்பதால் அதையும் கூட்ட வேண்டும். எஃப்பி4 ப்ளஸுக்கு அதைத் தயாரிக்கும் இல்ஃபோர்ட் கொடுக்கும் கணக்கில் அளந்த நேரத்தை 1.26ஆம் படிக்கு உயர்த்தணும்: 30 நொடி 73 நொடியாகிறது. எச்பி5 ப்ளஸுக்கு 1.31, அதாவது 86 நொடி. அவ்வளவு நேரத்தில் முக்காலிக் கால் மணலில் இறங்கிவிடும். ஒவ்வொரு காலுக்கும் அடியில் பிளாஸ்டிக் டப்பா மூடி ஒன்றை வைத்து, அழுத்தி உட்காரவைத்த பிறகு ஒரு நிமிடம் விட்டு ஷட்டரைத் திறங்கள்.

படச்சுருளைக் கழுவும்போது ஏற்படும் எல்லாக் கோளாறும் வானத்தில்தான் தெரியும். மரத்திலும் பாறையிலும் மறைந்துபோகும் குமிழிப்புள்ளி, வெற்று வானத்தில் நிலவு மாதிரி நிற்கும். டேங்கில் டெவலப்பரை ஊற்றியதும் அடியைத் தரையில் இரண்டு தட்டு. முதல் பத்து நொடியில் நாலு முறை கவிழ்ப்பு, பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் நாலு. விடாமல் ஆட்டினால் சுருளின் ஓரத்துளைகள் வழியே டெவலப்பர் பாய்ந்து வானத்தின் விளிம்பில் பட்டை விழும். கடைசி அலசலுக்கு போர்வெல் தண்ணீர் வேண்டாம். உப்பு காய்ந்து வானத்தில் திட்டாகப் படியும். பெட்ரோல் பங்கில் பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டரில் ஈரமூட்டும் திரவம் சில சொட்டு போதும். நம்மூர் வெயிலில் 20 டிகிரியைப் பிடிப்பது சிரமம். 24 டிகிரிக்கான நேர அட்டவணையை எடுத்துக்கொண்டு அதையே எப்போதும் கடைப்பிடிப்பது நல்லது.

டிஜிட்டல்காரர்கள் சாதாரண வண்ணக் கேமராவில் சிவப்பு ஃபில்டர் மாட்ட வேண்டாம். சென்சாரில் நாலில் ஒரு பிக்சல்தான் சிவப்பைப் பார்க்கும். மற்ற மூன்றும் வீண். ஃபில்டர் இல்லாமல் 14 பிட் ராவில் (சென்சார் தரும் பதப்படுத்தாத கோப்பு) எடுத்து, கறுப்பு-வெள்ளைக்கு மாற்றும்போது நீலத்தை இறக்குங்கள். இங்கே தவறு நடக்கும் விதம் வேறு. நீல ஸ்லைடரைத் தரைவரை இழுத்தால் வானம் கறுக்கும், கூடவே மணல்போல் நாய்ஸ் எழும், முகட்டை ஒட்டி வெள்ளைக் கோடு ஒன்று ஓடும். அந்தக் கோட்டுக்குப் பெரும்பாலும் காரணம் லென்ஸின் நிறப்பிசிறு. அதை முதலில் சரிசெய்துவிட்டுப் பிறகு நீலத்தைத் தொட வேண்டும். ஸ்லைடரைப் பாதிவரை மட்டும் இறக்கி, மிச்சத்தை வானத்தின்மேல் ஒரு கிரேடியன்ட் மாஸ்க் போட்டு எக்ஸ்போஷரால் இறக்கினால் நாய்ஸ் வெகுவாகக் குறையும். ஜேபெக்கில் இதைச் செய்ய முயன்றால் வானம் படிக்கட்டாகப் பிரியும். லைக்கா எம் மோனோக்ரோம், பென்டாக்ஸ் கே-3 மார்க் 3 மோனோக்ரோம் போன்ற நிறமில்லாச் சென்சாரில் நிலைமை தலைகீழ்: அங்கே கண்ணாடி ஃபில்டர்தான் ஒரே வழி. வெளுத்துப்போன மணலை மீட்க அங்கே இன்னொரு நிறச் சேனல் கிடையாது என்பதால் ஒரு ஸ்டாப் குறைத்தே எடுக்க வேண்டும்.

காற்றில் லென்ஸ் மாற்றாதீர்கள். எஃப்/16இல் சென்சார் தூசி ஒவ்வொன்றும் வானத்தில் கரும்புள்ளியாக நிற்கும். அகல லென்ஸில் எஃப்/8 போதுமென்றால் அங்கேயே நிறுத்துங்கள். ஃபில்டர்மேல் மணல் விழுந்தால் துணியால் துடைக்கக் கூடாது, அது உப்புத்தாள் மாதிரி கோடு போடும். ஊதுபந்தால் ஊதி, தூரிகையால் தட்டி, கடைசியில்தான் துணி. முக்காலிக் காலின் கடைசி மெல்லிய பகுதியை முதலில் முழுக்க நீட்டிவிட்டால் பூட்டு மணலுக்கு மேலே நிற்கும். எல்லைப் பக்கத்துக் கிராமங்களுக்கு அனுமதியில்லாமல் போகாதீர்கள், ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

ராஜஸ்தான் போக முடியாதவர்கள் திருச்செந்தூர் பக்கம் குதிரைமொழித் தேரியில் இதையெல்லாம் பழகலாம், இரண்டு மாற்றங்களோடு. தேரி மணல் இரும்பு ஆக்சைடால் செக்கச்சிவந்தது. சிவப்பு ஃபில்டரில் அது பனிபோல வெளுத்து அலைக்கோடுகளை இழந்துவிடும். கடலோர ஈரமும் உப்புத் துகளும் வானத்தை எப்போதும் கொஞ்சம் வெளிறவைக்கும். ஆகவே அங்கே மஞ்சள் அல்லது ஆரஞ்சோடு நிறுத்தி, மணலுக்கு இன்னும் அரை ஸ்டாப் குறைத்து, வடகிழக்குப் பருவமழை ஒரு சுற்றுப் பெய்து விட்ட மறுநாள் போக வேண்டும்.